அம்மிணி

நான் ஒரு திருநங்கை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறேன். நாள் முழுக்க நின்று கால் கடுப்பதுகூடப் பரவாயில்லை, டீ நேரத்தில் என் பக்கத்து ஸ்டூல் மட்டும் காலியாகவே கிடக்கிறது பாருங்கள், அதுதான் ராத்திரி தூங்க விடாது. 2008-இல் எங்களுக்கென்று நல வாரியம் வந்தது, 2014-இல் உச்ச நீதிமன்றம் எங்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் எங்களைக் 'குணப்படுத்த' கிளம்புகிறவர்களைத் தடுக்கச் சொன்னது. சரி, நல்லதுதான். எனக்கோ அதற்கு முன்பே ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதித் தந்துவிட்டார். தூக்கம் வந்தது, பயம் போகவில்லை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சந்தகை பிழிந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அம்மிணி, தேங்காய்ப்பால் ஊத்திக்க" என்றாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற சொல், எனக்கு முதல் தடவை. தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா இன்னும் பேசவில்லை, ஆனால் திண்ணையிலிருந்து எழுந்து போகவும் இல்லை.