நெடுந்தீவில் கரண்டும் படகில்தான் வருகிறது

நெடுந்தீவு போய்விட்டு நேற்றிரவு எட்டு மணிக்கு வீடு வந்தேன். காதுக்குள் இன்னும் காற்று இரைகிறது. பஸ், படகு, சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த ஓட்டோக்கார அண்ணையின் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

யாழ்ப்பாணத்தில் 776 பஸ், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். பிறகு படகு. சோளகக் காற்று தூக்கி அடித்ததில் பக்கத்தில் இருந்த பெடியன் இரண்டு தரம் சத்தி எடுத்தான். அவ்வளவுதான்.

இறங்குதுறையில் ஓட்டோ. பெருக்குமரம், புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, குதிரைகள் எல்லாம் சுற்றிக் காட்ட 5,500 ரூபா என்றார். கெஞ்சிக் கூத்தாடி 4,500க்கு இறக்கினேன். அதே படகில் வந்த ஒரு குடும்பம் 3,500தான் கொடுத்தது என்று மத்தியானம் தெரிந்தபோது வயிறு எரிந்தது. நேரே கேட்டேன். மனுசன் அசையவில்லை.

“பெற்றோல் கடல் தாண்டி வருது தம்பி. பெற்றோல் மட்டுமே? எங்கட கரண்டும் படகிலதான் வருது.”

கொள்ளைதான், ஆனால் அந்த வசனத்துக்காக அந்த ஆயிரத்தில் ஐந்நூறு ரூபாவை மன்னிக்கலாம். நெடுந்தீவுக்கு நாட்டின் மின் கட்டமைப்போடு தொடர்பு இல்லை. டீசல் கடல் வழியாக வந்து, ஜெனரேட்டரில் எரிந்து, பிறகுதான் இங்கே பல்ப் எரிய வேண்டும். தொப்பியைப் பிடிக்காமல் நிற்க முடியாத காற்றுக்குள் இருந்துகொண்டு டீசல் எரிப்பதைப் போல ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா?

இதை மாற்ற ஒரு திட்டம் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலை, சூரியப் படல், பற்றரி. 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். தன் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனாவா என்று இந்தியா முகம் சுளித்தது. 2022 மார்ச்சில் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது, ஏறத்தாழ 1.1 கோடி டொலர். ஒப்பந்தம் ஓர் இந்திய நிறுவனத்தின் கைக்குப் போக 2024 மார்ச் ஆகிவிட்டது. மூன்று தீவுக்கும் சேர்த்துக் காற்றில் 530 கிலோவாட், வெயிலில் 1,700 கிலோவாட். மன்னாரின் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் நிற்கும் 30 காற்றாலைகளில் ஒன்றே ஒன்று 3,450 கிலோவாட். ஒரு மன்னார்க் காத்தாடியின் அளவுகூட வராத மின்சாரத்துக்கு இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்டிருக்கின்றன!

“சீனன் தந்தா என்ன, இந்தியன் தந்தா என்ன, பில் குறைஞ்சாச் சரி” என்றார் அண்ணை.

நடுவில் சாப்பாடு. கட்டாயம் சொல்ல வேண்டும். காலையிலேயே ஒரு வீட்டில் சொல்லிவைத்திருந்தோம். முருங்கையிலை போட்ட நண்டுக்கறி, கணவாய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, சோறு. 1,200 ரூபா. நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சியபோது குழம்பு முழங்கை வரை வழிந்தது, துடைக்கவும் மனமில்லை. கோட்டையைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

பின்னேரம் படகு பிந்தியது. காற்றுத்தான். இறங்குதுறைச் சுவரோரம் மன்னார்த் தீவின் பேசாலை அக்கா ஒருவர் இருந்தார், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர். நம் அண்ணை அவரிடமும் காத்தாடிப் பெருமை பேசத் தொடங்க, அக்கா பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீ அதுக்குப் பக்கத்தில குடியிருந்தனியோ? முந்தி மழை வெள்ளம் தானாக் கடலுக்கு ஓடும். காத்தாடிக்கு றோட்டுப் போட்டாப் பிறகு முத்தத்தில நிக்குது. கரையில மீனும் குறைஞ்சு போச்சு. எங்களை ஆரும் கேட்டவையே?”

2025 ஆகஸ்டில் மன்னாரில் காற்றாலைப் பாகங்களோடு வந்த லொறிகளை மறித்தது இந்தக் கோபம்தான். அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. அதற்கு முன் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் போட வந்த அதானி நிறுவனம், யூனிற்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை கூடிப்போனது என்ற சர்ச்சைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. கொழும்பில் சண்டை சதத்துக்கு, டில்லியில் சீனனுக்கு. அக்காவின் முற்றத்தில் நிற்கும் வெள்ளம் எந்தக் கணக்கிலும் இல்லை. பளையில் காத்தாடிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவன் நான், எனக்கும் அதுவரை அது வெறும் வடிவான காட்சிதான்.

என் கட்சி இதுதான்: நெடுந்தீவுக்கு நாளைக்கே காற்றாலை வேண்டும், மன்னார்த் தீவுக்குள் இனி ஒன்றும் வேண்டாம். முரண் என்று தோன்றினால் இரண்டு ஊருக்கும் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வந்து பேசுங்கள்.

படகு வந்தபோது அண்ணை விடவில்லை. “அப்ப உங்கட காத்தாடியில ஒண்டை இங்க அனுப்புங்கோவன் அக்கா.”

“ஓட்டோவைக் கொண்டு வா. கழட்டி ஏத்திவிடுறன். கூலி மட்டும் 4,500 கேக்காத.”

இறங்குதுறையே சிரித்தது. என் கதை அக்கா வரைக்கும் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கடைசி பஸ்ஸில் யாழ்ப்பாணம் வரை நின்றுகொண்டே வந்தேன். மொத்தச் செலவு 6,500 ரூபா சொச்சம். அதில் 1,000 நான் சும்மா அழுதது. நீங்கள் போனால் 3,500க்கு மேல் கொடுக்காதீர்கள்.