பாஸ்போர்ட்டைக் காட்டினேன், கொடுக்கவில்லை

அண்ணனின் குடியைப் பற்றித் தஞ்சாவூரில் யாரிடமாவது கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். இங்கிலாந்தின் லெஸ்டரில் முதியோர் இல்ல வேலைக்கு வந்த பிறகு, குடியை விட்டவர்கள் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவைக் கண்டுபிடித்தேன். நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படிப்பேன். அங்கே நான் யார் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் ஆறுதல்.

2025 ஜூலைக் கடைசியில் ஒருநாள் அது திறக்கவில்லை. 18 வயது ஆனதற்குச் சான்று கேட்டது. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தில், சிறுவர்களைக் காக்கும் விதிகள் ஜூலை 25 அன்று அமலுக்கு வந்திருந்தன. மீறும் தளத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். அந்தப் பயத்தில்தான் ஆபாசத் தளங்களோடு இப்படிப்பட்ட குழுக்களுக்கும் பூட்டுப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் செல்ஃபி. எனக்கு 26 வயது, சின்ன உருவம். முகத்தை வைத்துப் போடும் கணக்கு பிசகலாம் என்பதால் 18க்கும் சில வயது மேலேதான் எல்லை வைப்பார்களாம். தேறவில்லை. அடுத்து கிரெடிட் கார்டு. இங்கே 18 ஆகாமல் அது கிடைக்காது என்பதால் அதுவே சான்று. நான் வந்து எட்டு மாதம்தான், எந்த பேங்க் தரும்? டெபிட் கார்டு செல்லாது. இங்கே தங்குவதற்கான விசாவும் இப்போது கார்டாக வருவதில்லை. மிச்சம் பாஸ்போர்ட்.

கேமராவைத் திறந்துவிட்டேன். கை ஓடவில்லை.

அப்பா ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போதெல்லாம் குறுக்கே ‘சிம் கார்டு வாங்க மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார். பாஸ்போர்ட் படத்தின் குறுக்கே நான் எங்கே எழுதுவது? அவர்களுக்குத் தெரிய வேண்டியது 18 ஆகிவிட்டதா என்பது மட்டும். நான் கொடுக்கப் போவதோ முழுப்பெயர், பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண், எல்லாமே.

“வி.பி.என். போட்டுக்கோயேன்” என்றாள் கூட வேலை செய்யும் அக்கா. வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் செயலி அது. இலவச வி.பி.என். நடத்துகிறவர் யாரென்றே தெரியாது, அவர் வழியாக எல்லாம் போவதற்கும் மனம் ஒப்பவில்லை.

வழி சிம் கார்டில் இருந்தது. இங்கே செல்போன் நிறுவனங்கள் பெரியவர்களுக்கான பக்கங்களைத் தாமே தடுத்து வைத்திருக்கும். வயதைக் காட்டித் தடையை நீக்கலாம். நீக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பான ஆஃப்காம் ஏற்றுக்கொண்ட சான்றுகளில் ஒன்று. கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட்டை வாங்கி, பிறந்த தேதியைப் பார்த்து, கையிலேயே திருப்பிக் கொடுத்தான். நகல் எடுக்கவில்லை. அன்று இரவு தளத்தில் என் செல்போன் எண்ணைக் கொடுத்தேன், ஓ.டி.பி. வந்தது, குழு திறந்தது.

அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி பற்றி ஒரு செய்தி வந்தது. அவர்களுக்காக வேலை செய்த வெளி நிறுவனம் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்றார்கள். வயதை நிரூபிக்க அனுப்பிய படங்கள் அவை.

என் பாஸ்போர்ட் படம் எங்கும் இல்லை. ஆனால் என் செல்போன் எண் அந்தச் சரிபார்ப்பில் பதிவாகியிருக்கிறது. அண்ணனைப் பற்றி அந்தக் குழுவில் கேட்க ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தேன். இன்னும் அனுப்பவில்லை.