செல்ஃப் சுற்றாத டீசல் காரும் ஓர் எர்த் பட்டையும்

மார்கழி பிறந்தால் பாலக்கோட்டில் விடியற்காலை நன்றாகவே குளிரும். ராயக்கோட்டை தாண்டி ஓசூர் பக்கம் ஏற ஏற இன்னும் கூடும். எங்கள் டீசல் கார் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது அந்தக் குளிரில்தான். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. சில நாள் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. மத்தியானம் வெயில் ஏறியதும் அதே கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் கேபிள் போட்டார். உடனே ஸ்டார்ட் ஆனது. “பேட்டரி போச்சு தம்பி, மாத்திடு” என்றார். கடையிலும் அதையேதான் சொன்னார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஹீட்டர் பிளக் (குளிரில் இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) என்றார்கள், இன்னொருவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றச் சொன்னார். பேட்டரி வாங்கி அதிக நாள் ஆகவில்லை. அதனால் எதையும் வாங்கும் முன் அளந்து பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: செல்ஃப் சுற்றவே இல்லையா, நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால்தான் ஹீட்டர் பிளக், கிராங்க் சென்சார், டீசல் லைனில் காற்று என்று தேட வேண்டும். எங்களுடையது காமன் ரெயில் இன்ஜின், அதாவது ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக பிரஷரில் டீசல் போகும் வகை. இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றினால்தான் பம்ப் ரெயிலில் பிரஷரை ஏற்றும். அந்தப் பிரஷர் வராமல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்க இன்ஜினின் கணினியான இசியூ விடாது. அதனால் மெதுவாகச் சுற்றினாலே ஸ்டார்ட் ஆகாமல் போகும், ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாவி போடாமல் பேட்டரியில் 12.5 வோல்ட். ஏறக்குறைய முழு சார்ஜ். என் தம்பியைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் இழுக்கும் அந்த நேரத்தில் பார்த்தேன். பேட்டரி முனைகளில் 10.6. பரவாயில்லை, 9.6-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகித்திருப்பேன். அப்புறம் மீட்டரின் ஒரு முள்ளை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் வைத்தால் வெறும் 8.3! பேட்டரியிலிருந்து கிளம்பிய 2.3 வோல்ட் வழியில் எங்கேயோ போயிருக்கிறது.

எங்கே என்று பார்ப்பது சுலபம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் போல்ட் வரை அளந்தேன்: 0.3. பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக் வரை அளந்தேன்: 2 வோல்ட். அந்தப் பக்கம் அரை வோல்ட் விழுந்தாலே அதிகம். கோளாறு எர்த்தில், அதாவது மின்சாரம் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில்.

இதை ஓம் அளந்தோ ‘பீப்’ சத்தம் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டீசல் இன்ஜினின் கம்ப்ரெஷனைத் தள்ளிச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200, 300 ஆம்பியர் வரை இழுக்கும். 300 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போய்விடும். சாதாரண மீட்டருக்கு அந்த 0.01 தெரியவே தெரியாது, ‘பீப்’ அடித்து நல்ல வயர் என்று சொல்லிவிடும். சுமை இருக்கும்போது வோல்ட் அளப்பதுதான் வழி. குளிரில் ஆயில் கெட்டிப்படுவதால் செல்ஃப் இன்னும் அதிகம் இழுக்கும், பேட்டரியின் பலமும் குறையும். காலையில் மட்டும் தகராறு வந்ததற்கு இதுதான் காரணம்.

ஜம்பர் போட்டதும் ஸ்டார்ட் ஆனதே, அது ஏன்? கறுப்பு கேபிளை அண்ணன் எங்கள் பேட்டரி மைனஸில் மாட்டவில்லை, இன்ஜின் பிளாக்கில் மாட்டினார். பொறி பேட்டரிக்கு அருகில் தெறிக்கக் கூடாது என்பதால் அதுதான் சரியான முறை. ஆனால் அப்படி மாட்டும்போது இன்ஜினையும் கார் பாடியையும் இணைக்கும் பழுதான எர்த் பட்டையைத் தாண்டி நேராக இன்ஜினுக்கே மின்சாரம் போய்விடுகிறது. அதை உறுதி செய்ய, மறுநாள் காலை வேறு வண்டியே இல்லாமல், கறுப்பு கேபிளின் ஒரு முனையை எங்கள் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் கடித்தேன். சாவியைத் திருப்பியதும் சுறுசுறுப்பாகச் சுற்றி ஸ்டார்ட் ஆனது. எனக்கு அத்தனை சந்தோஷம். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் குற்றமற்றவை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றி, பேட்டரி தட்டையும் எடுத்தபின் கியர் பாக்ஸ் ஓரத்தில் அந்தப் பின்னல் செம்புப் பட்டை தெரிந்தது. வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் முனையில் லக் (போல்ட் மாட்டும் வளையம்) அமுக்கியிருக்கும் இடத்தில் செம்பு பச்சை பூத்து, பாதி இழைகள் விரலால் இழுத்தாலே உதிர்ந்தன. மழைக்காலச் சேறும் தண்ணீரும் வருடக்கணக்கில் அங்கே தேங்கியிருக்கின்றன. அதே தடிமனில் புதுப் பட்டை ஒன்றை தருமபுரியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் செய்து கொடுத்தார், சில நூறு ரூபாய்தான். பாடியிலும் கியர் பாக்ஸிலும் போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளப்பாகும்வரை எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவினேன். வாசலின் இறுக்கிய பிறகுதான், முன்னால் அல்ல.

திரும்ப அளந்ததில் எர்த் பக்கம் 0.1, செல்ஃப் மோட்டாரில் 10 வோல்ட். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.2 காட்டியது, ஆகவே டைனமோவும் நன்றாகவே சார்ஜ் ஏற்றுகிறது. இதைச் சோதிக்க ஓடும் வண்டியில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டைனமோவின் டயோடும் இசியூவும் போகலாம். இசியூ போனால் செலவு ஆயிரக்கணக்கில்.