பூட்டனாரின் பத்திரத்திலிருந்து குலதெய்வம் வரை: ஒரு தேடலின் அனுபவம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடும். தங்களுக்குரிய சாஸ்தா யார் என்று தெரியாதவர்கள், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரை வணங்குவது வழக்கம். தாத்தா இளம் வயதிலேயே பிழைப்புக்காக மதுரைக்கு வந்துவிட்டதால் எங்கள் குடும்பமும் சொரிமுத்து அய்யனாரிடம்தான் போய்வந்துகொண்டிருந்தது. அப்பா காலமான பின் திதி கொடுக்க உட்கார்ந்தபோது, மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லவேண்டிய இடத்தில், தாத்தாவின் தாயான பூட்டியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. உறவுமுறையைச் சொன்னால் போதும் என்றார் புரோகிதர். எனக்கு அது போதவில்லை.

முதலில் வயதில் மூத்த அத்தைகளையும் பெரியப்பாவையும் கேட்டேன். “நம் முன்னோர் யார்” என்று பொதுவாகக் கேட்டால் எவருக்கும் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. எந்தெந்த வீட்டுச் சாவுக்கு நம் வீட்டில் தீட்டுக் காத்தார்கள் என்று கேட்டபோதுதான் பேச்சு வளர்ந்தது. தீட்டு உள்ளவர்கள் பங்காளிகள், இல்லாதவர்கள் சம்பந்த வழியினர் என்ற ஒரே கேள்வியில் பாதி உறவுகள் பிரிந்து நின்றன. ஊரின் பெயரும் இரண்டு வீட்டுப் பட்டப்பெயர்களும் அத்தை சொல்லித்தான் கிடைத்தன.

அடுத்த பெரிய துணை, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு கிரயப் பத்திரம். அதில் தேதி “௲௮௰௫ ௵ மாசி ௴” என்று தமிழ் எண்களில் எழுதப்பட்டிருந்தது. ௵ என்பது வருடத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் உரிய குறி. ௲ ஆயிரம், ௮௰ எண்பது, ௫ ஐந்து. ஆக, கொல்லம் ஆண்டு 1085. தென்மாவட்டப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வழக்கில் இருந்தது என்பது தெரியாவிட்டால் இந்த எண்ணைப் பார்த்துத் திகைக்கத்தான் வேண்டும். கொல்லம் கணக்கு கி.பி. 825-இல் தொடங்குவதாலும், புத்தாண்டு அங்கே ஆவணியில் பிறப்பதாலும், அந்த மாசி 1910-ஆம் ஆண்டின் பிப்ரவரி, மார்ச்சில் விழும். பக்கத்திலேயே சௌமிய வருடம் என்றும் எழுதியிருந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் சௌமிய 1909 சித்திரையில் பிறந்ததால் இரண்டும் பொருந்தின. சுற்றாண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது 1849-ஆகவும் இருக்கக்கூடும். கொல்லம் ஆண்டு அந்த ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது.

பத்திரத்தில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி நான்கெல்லை. எனக்கு அதுவே வழிகாட்டியது. “இன்னார் குமாரர் இன்னார் நஞ்சைக்கு மேற்கு” என்று இருந்தால் அந்த இன்னாருடைய நிலம் நம் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். பாகப்பிரிவினை நடந்த குடும்பங்களில் அண்ணன் தம்பிகளின் நிலங்கள் அடுத்தடுத்துத்தான் கிடக்கும். எங்கள் பத்திரத்தின் கிழக்கெல்லைக்காரரின் தகப்பனார் பெயரும் பூட்டனாரின் தகப்பனார் பெயரும் ஒன்றாக இருந்தன. வடக்கெல்லை, சாஸ்தா கோயிலுக்கு விடப்பட்ட மானிய நிலம்.

கிராமக் கணக்குகளை வைத்திருந்த அந்தக் காலத்துக் கர்ணம் இருந்திருந்தால் இதை வைத்தே யார் யார் வாரிசு என்று சொல்லியிருப்பார். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபின், அந்த நினைவு அலுவலகத்தில் எங்கும் இல்லை. ஆகவே சார்பதிவகத்துக்குப் போனேன். பதிவுச் சட்டத்தின்படி அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் பெயர்கள் முதல் அட்டவணையில் இருக்கும். உரிய கட்டணம் கட்டினால் எவரும் அவற்றைப் பார்வையிடலாம். சர்வே எண் மட்டும் கொடுத்து வில்லங்கச் சான்று கேட்டால் குடும்ப வரலாற்றில் பாதி தப்பிவிடும். பெயர் வழியாகவும் தேடச் சொல்லுங்கள்.

அப்படித் தேடியதில்தான், பூட்டனார் இறந்தபின் எழுதப்பட்ட ஓர் அடமானப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. மைனர் பிள்ளைகளுக்காக, அவர்களின் “தாயும் கார்டியனுமான” என்று தொடங்கி ஒரு பெண்ணின் பெயர் வந்தது. எங்கள் பூட்டி. எழுதத் தெரியாததால் கீறல் போட்டிருக்கிறார்; அதன் பக்கத்தில் பத்திர எழுத்தர் அவருடைய பெயரை முழுமையாக எழுதியிருக்கிறார். கைம்பெண்ணாகிக் கடன் வாங்கவேண்டி வந்த அந்த ஒரு நாள் இல்லாதிருந்தால் அவருடைய பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. அதைப் படித்தபின் அன்று வேறு எந்தப் புத்தகத்தையும் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து நிலம் கோயில் மானியம் என்பதால் மட்டும் அந்தச் சாஸ்தா நம் குலதெய்வம் ஆகிவிடமாட்டார். மானிய நிலங்களை விசாரிக்க 1858-இல் மதராஸ் மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்த்தோம். தெய்வத்தின் முழுப் பெயரும் பூசை செய்தவரின் பெயரும் அங்கே தெரிந்தன. ஆனாலும் முடிவு சொல்லவேண்டியவர்கள் பங்காளிகளே. கிழக்கெல்லைக்காரரின் வழியில் வந்த பெரியவர் ஒருவர் இன்னும் ஊரில் இருந்தார். பத்திரத்தைக் கையில் வாங்கியவர், மதுரைக்குப் போன தம்பி வீட்டுக்காரர்களுக்காகப் பங்குனி உத்திரப் பொங்கலில் ஒரு வீட்டுப் பங்கை இன்றும் ஒதுக்கிவைப்பதாகச் சொன்னார்.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் குளத்தங்கரைக் கோயிலில் கூடினோம். ஆண்களும் பெண்களுமாக முன்னோர் பெயர்களைச் சேர்த்து எழுதிய தாளைப் படையலுக்கு முன் என் மகள் உரக்கப் படித்தாள். பழைய வம்சாவளி ஏடுகளில் மகன்கள் மட்டுமே இருப்பார்கள். எங்கள் தாளில் மருமகள்களையும், மணமாகி வேறு சாஸ்தாவுக்கு உரியவர்களாகிவிட்ட மகள்களையும் சேர்த்தோம். பெரியவருக்கு முதலில் இதில் தயக்கம் இருந்தது. பிறகு தாமே தம் அத்தைமார் இருவரின் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார். அன்று வராத வீடுகளுக்குத் தாளின் நகலை அனுப்பியிருக்கிறோம். பூட்டியின் பிறந்த ஊர் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அடமானப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பக்கத்துத் தாலுகாக்காரர் என்பதால், அந்தப் பகுதிச் சார்பதிவகத்தில் அவர் பெயரில் தேட மனுக் கொடுத்திருக்கிறோம்.