அது அவனுடைய லாப்டொப்தான், ஆனால் அவன் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் எடுத்து அழுதாள். ரொறன்ரோவில் இருக்கும் அத்தானின் அண்ணனுக்கு, அதாவது அக்காவின் மகனான என் மருமகனின் பெரியப்பாவுக்கு, மருமகனுடைய பேஸ்புக் கணக்கிலிருந்து மெசேஜ் போயிருக்கிறது. அவசரமாக ஒன்றரை லட்சம் ரூபாய் வேண்டும், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், இந்த வங்கிக் கணக்கில் போடுங்கோ என்று. அவரும் பாவம், பிள்ளை ஏதோ சிக்கலில் மாட்டிவிட்டான் என்று பதறி உடனே அனுப்பிவிட்டார். பிறகு மனம் கேட்காமல் அக்காவிடம் விசாரித்திருக்கிறார். பெடியன் நான் அனுப்பவே இல்லை என்று சத்தியம் செய்கிறான், வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்பதைப் பெரியப்பா என்னிடம் போனில் சொன்னார். "போலிக் கணக்கு எண்டால் சரி. இது அவன்ரை சொந்தக் கணக்கு, ரெண்டு வருசமா நாங்கள் கதைச்சதெல்லாம் மேல கிடக்கு. இன்னொருத்தன் எப்படி அவன்ரை கொம்பியூட்டர் மாதிரி நடிக்கிறது?"

நியாயமான கேள்வி. என்னிடம் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். முடியும் என்பதுதான் பதில், ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை. அந்த வித்தியாசம் தெரியாததால் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் தன் வீட்டிலேயே கள்ளனாக நின்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மத்தியானமே வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். லாப்டொப் மேசையில் மூடிக் கிடந்தது, அணைத்துத்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அவனுடைய போனில் பேஸ்புக்கைத் திறந்து, எந்தெந்தக் கருவிகளில் கணக்கு உள்நுழைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். புதிதாக ஒன்றுமே இல்லை, அவனுடைய போனும் அவனுடைய விண்டோஸ் கணினியும் மட்டும்தான். "பாத்தியளா மாமா, வேற ஒண்டும் இல்லை" என்று அவனே உடைந்துபோய்ச் சொன்னான். ஆனால் அந்த விண்டோஸ் கணினிக்குக் கீழே சிறிய எழுத்தில் நெதர்லாந்து என்று இருந்தது, கடைசியாகச் செயற்பட்டது இருபது நிமிடங்களுக்கு முன் என்றும் இருந்தது. லாப்டொப் எங்கள் கண்முன்னே செத்த மாதிரிக் கிடக்கிறது, பட்டியலில் அது நெதர்லாந்தில் உயிரோடு உலாவுகிறது. உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்தேன்.

இதன் பெயர் குக்கி திருட்டு. கொழும்புக் கோட்டைப் பக்கம் ஏதாவது பெரிய அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தால் தெரியும், வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பெயர் எழுதி, கழுத்தில் தொங்கவிட ஒரு பாஸ் வாங்குவோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடியிலும் காவலாளி முகத்தைப் பார்ப்பதில்லை, பாஸைத்தான் பார்க்கிறார். பாஸ்வேர்டும் ஓடிபியும் வாசலில் காட்டும் அடையாள அட்டை. குக்கி என்பது அந்தப் பாஸ். உங்கள் கணினியில் ஒரு சிறிய கோப்பில் அது இருக்கிறது, அதை ஒருவன் பிரதி எடுத்துவிட்டால் வாசலுக்கு வரவேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. அதனால்தான் இவனுக்கு ஓடிபி எதுவும் வரவில்லை, புது லொகின் என்ற எச்சரிக்கையும் வரவில்லை. இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் நடக்காது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்.

குக்கி மட்டும் போதாது என்றால் உலாவியின், அதாவது பிரவுசரின், சாயலையும் திருடுகிறார்கள். ஒவ்வொரு உலாவிக்கும் ஒரு கைரேகை மாதிரி உண்டு. திரை அளவு, நேர வலயம், மொழி, என்னென்ன எழுத்துருக்கள் கிடக்கின்றன என்பதெல்லாம் சேர்ந்தது அது. எங்கள் வீட்டுக் கணினிகளில் பாமினி எழுத்துரு கிடக்குமே, அதுகூட ஓர் அடையாளம்தான். ஜெனசிஸ் மார்க்கெட் என்று ஒரு கள்ளச் சந்தை இருந்தது. 2023 ஏப்ரலில் எஃப்பிஐயும் ஐரோப்பியப் பொலிசாரும் சேர்ந்து அதை மூடினார்கள், அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயரே குக்கி மொன்ஸ்டர். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து எடுத்த, 8 கோடிக்கும் அதிகமான கணக்குகளின் விபரங்கள் அங்கே விற்பனைக்குக் கிடந்தன. ஒரு கணினியை வாங்கினால் அதன் குக்கிகளும் கைரேகையும் வரும், அவற்றை அணிந்துகொண்டு அந்த மனிதனாகவே உலாவ ஒரு தனி உலாவியும் கொடுத்தார்கள். பெரியப்பா கேட்ட "கொம்பியூட்டர் மாதிரி நடிக்கிறது" என்பது ஒரு கடைச்சரக்காகவே விற்கப்பட்டிருக்கிறது.

சரி, ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒருவருடைய இணைப்புக்கு இருக்கும் விலாசத்தை, நடிக்க முடியாதா என்று கேட்பார்கள். கடித உறையின் பின்னால் இன்னொருவர் விலாசத்தை எழுதுவதுபோல அனுப்புநர் ஐபியைப் பொய்யாகப் போடலாம்தான், ஆனால் பதில் அந்த விலாசத்துக்கே போகும், உங்களுக்கு வராது. பேஸ்புக் மாதிரி ஒரு தளத்தோடு பேசுவதற்குப் போக வர இரண்டு பக்கமும் வேண்டும். 1994 நத்தார் அன்று கெவின் மிட்னிக் என்ற அமெரிக்க ஹக்கரின் தரப்பிலிருந்து கணினிப் பாதுகாப்பு நிபுணர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் தாக்கப்பட்டபோது, தங்களுக்கு வராத அந்தப் பதிலில் இருக்கும் வரிசை எண்ணை முன்கூட்டியே ஊகித்து இதைச் சாதித்தார்கள். இப்போது அந்த எண்கள் ஊகிக்க முடியாதபடி வருகின்றன. ஆகவே உங்கள் ஐபியில் நடமாட விரும்புகிறவன் பொய் சொல்லத் தேவையில்லை, உங்கள் கணினி வழியாகவே போகிறான்.

இதில் நாங்கள் கொழும்புக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கியபோது நாம் என்ன செய்தோம்? முடக்கத்தைச் சுற்றிப்போக, இணைப்பை வேறொரு இடம் வழியாக அனுப்பும் விபிஎன் செயலிகளில் கண்ணில் பட்ட இலவசமானவை எல்லாவற்றையும் இறக்கினோம். நானும்தான். எல்லா விபிஎன்னும் கெட்டது இல்லை. ஆனால் 2024 மே மாதத்தில் அமெரிக்கா முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு இலவச விபிஎன் செயலிகள் வழியாகத்தான் வளர்ந்தது. செயலியை நிறுவியவரின் இணைப்பை அவருக்கே தெரியாமல் வாடகைக்கு விட்டார்கள், ஒரு கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள். அந்த வழியால் எவனோ மோசடி செய்தால் பதிவில் விழுவது உங்கள் வீட்டு ரவுட்டரின் ஐபி. தேடி வருகிற பொலிஸ் உங்கள் கதவைத்தான் தட்டும்.

இதைவிடப் பயங்கரமானது, கணினிக்குள்ளேயே புகுந்து உங்கள் பெயரில் சாட்சியம் வைப்பது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி அடிகளாரை நம்மில் பலருக்குத் தெரியும். மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 2020 அக்டோபரில் கைதாகி, பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5ஆம் திகதி இறந்துபோனார், வயது 84. அவருடைய கணினியின் வன்தட்டை ஆராய்ந்த ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம், அதற்குள் வெளியாள் ஊடுருவி ஆவணங்களைக் கொண்டுவந்து வைத்தான் என்று 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. இந்தியாவின் விசாரணைத் தரப்பு இதை ஏற்கவில்லை. ஆனால் அந்த அறிக்கை வந்தபோது மனிதர் உயிரோடு இல்லை, எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எப்படி வந்தது என்று தோண்டியபோது மருமகன் மெதுவாகச் சொன்னான். சித்தி மகளின் சாமத்திய வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டக் காசு கட்டாமல் ஒரு எடிட்டிங் மென்பொருள் தேடியிருக்கிறான். வந்த கோப்பு பாஸ்வேர்ட் போட்ட ஸிப், திறப்பதற்கு முன் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லி யூடியூபில் ஒருவன் விளக்கியிருக்கிறான், இவனும் நிறுத்தியிருக்கிறான். அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிற எதையும் திறக்காதீர்கள். அந்த வகை நச்சுநிரல் சில வினாடிகளில் எல்லாக் குக்கிகளையும் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அள்ளி அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளவும் கூடும்.

முதலில் போனிலிருந்தே எல்லாக் கருவிகளையும் வெளியேற்றி, பாஸ்வேர்டுகளை மாற்றினோம். களவு போன பாஸ் செத்துப்போவது அப்படித்தான், பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் சில தளங்களில் பழைய பாஸ் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் லாப்டொப்பை இணையம் இல்லாமல் திறந்து விண்டோஸின் நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன். சனி இரவு 11.52க்கு அணைந்திருக்கிறது, அதற்குப் பிறகு நான் திறக்கும் வரை ஒரு வரிகூட இல்லை. பெரியப்பாவுக்கு மெசேஜ் போனது எங்கள் நேரம் விடியற்காலை 2.40. அதைப் படம் எடுத்த பிறகே வன்தட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். யாருக்காவது இப்படி நடந்தால் தயவுசெய்து இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். பதறி முதலிலேயே துடைத்துவிட்டால், பிள்ளையைக் காப்பாற்றும் ஒரே சாட்சியும் போய்விடும்.

இரண்டு படங்களையும் ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். பெரியப்பா இரவு பத்து மணி போல எடுத்தார், என்னோடு அதிகம் கதைக்கவில்லை, போனை மருமகனிடம் கொடுக்கச் சொன்னார். அவன் பல்கனிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தான். திங்கட்கிழமை அக்காவும் நானும் அந்த வங்கிக் கணக்கு இலக்கத்தோடும் படங்களோடும் போய்ப் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம்.