"யாரது?" என்று கேட்க வேண்டியவன் எவன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஒரு வருடம், தமிழ்மொழிக் கழகப் பிள்ளைகளை வைத்து ஷேக்ஸ்பியரின் ஹேம்லட்டைத் தமிழில் போட்டேன். முதல் காட்சியை மட்டும்தான். முழு நாடகத்துக்குத் தெம்பில்லை, பிரானா 1996-இல் வசனத்தை வெட்டாமல் எடுத்த படமே நான்கு மணி நேரம் ஓடும், எங்களுக்கு மேடையில் கொடுத்ததோ இருபது நிமிடம்.

டென்மார்க்கில் எல்சினோர் கோட்டை, நடுராத்திரி, காவல் மாறுகிற நேரம். பெர்னார்டோ வந்து "யாரது?" என்கிறான். காவலில் நிற்கிற பிரான்சிஸ்கோ, "நீ யாருன்னு முதல்ல சொல்லு" என்று திருப்பிக் கேட்கிறான். "மன்னர் வாழ்க" என்று பதில் வந்த பிறகுதான் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறான். அந்த முதல் வரியைச் சினிமா போலீஸ்காரன் மாதிரி கத்தச் சொல்லி மூன்று வாரமாகப் பையன் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். (கலை ஆர்வமெல்லாம் இல்லை, வீட்டில் தனியாக விட முடியாத நிலைமை.) தோட்டத்தில் பால் வெட்டியவர், ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு ஆலையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தவர். இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, கேட்ல நிக்கிறவன்தானே கேக்கணும்? வர்றவன் எதுக்குக் கேக்குறான்?"

"நாடகத்தில அப்படித்தான்ப்பா இருக்கு."

"அப்படின்னா வர்றவன் எதையோ பார்த்துட்டு வந்திருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், பெர்னார்டோ இரண்டு ராத்திரி செத்துப்போன மன்னரின் ஆவியைப் பார்த்தவன். பிரான்சிஸ்கோவுக்குக் கடுங்குளிரும் மனதில் ஏதோ ஒரு கனமும்தான், மற்றபடி "எலிகூட அசையல" என்கிறான். அப்பா ஆலைக் கதையை எடுத்தார். பத்து வருடம் கூட வேலை செய்தவர், ஒரு ராத்திரி ஷிப்ட் மாற வந்தவர், கேட்டுக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுகொண்டு, சைக்கிளைவிட்டு இறங்காமல், மெதுவாக "யாரது?" என்றாராம். வழியில் செம்பனை மட்டையில் ஒரு வெள்ளை உரச்சாக்கு மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறது. "அவன் கத்தலப்பா, கத்துறதுக்குத் தொண்டையில எச்சி வேணும்ல."

அன்றோடு கத்தல் போனது.

பிள்ளைகளுக்கு ஹேம்லட் படங்களையும் போட்டுக் காட்டியிருந்தேன். ஒலிவியர் 1948-இல் எடுத்ததில் மூடுபனி, கோட்டை எல்லாம் அழகு, ஆனால் காவலர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, இது ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்தவனின் கதை என்று அவர் குரலே சொல்லிவிடுகிறது. கதையைச் சொன்ன பிறகு எனக்கு எங்கே பயம் வரும்? ரஷ்ய இயக்குநர் கோசிந்த்சேவ் 1964-இல் இந்தக் காட்சியையே தூக்கிவிட்டார். கடல், கோட்டை, குதிரையில் விரைந்து வரும் ஹேம்லட், அப்புறம் மேலே ஏறும் பாலம். சினிமாவுக்கு அது போதும், காமிராவால் இருட்டையும் பனியையும் அப்படியே காட்ட முடியும். மேடையில் இருப்பது ஒரு கேள்விதான். ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் அரங்குக்கு நடுவில் கூரை கிடையாது, பிற்பகல் வெயிலில் ஆட்டம். எதிரே நிற்பவன் தெரியவில்லை என்று இரண்டு பேர் பேசினால்தான் அங்கே ராத்திரி.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மண்டபத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம், சன்னல் திரை பாதியில் சிக்கிக்கொண்டது, நீல விளக்கு எரிந்தும் ஒன்றுதான் எரியாமலும் ஒன்றுதான். பிரான்சிஸ்கோ பையன் அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் மழைச்சட்டைக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். பெர்னார்டோ ஓரத்திலிருந்து இரண்டு எட்டு வைத்து, நின்று, மெதுவாகக் கேட்டான். பின்வரிசையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த சின்னப் பிள்ளைகள்கூட நிமிர்ந்தார்கள்.

அப்புறம் ஆவி தாமதமாக வந்தது. பெர்னார்டோ "மணி ஒன்று அடித்தபோது" என்பதற்குள் ஆவி வந்து பேச்சை வெட்ட வேண்டும். வரவில்லை. பாவம், அவன் மணியை மூன்று வரைக்கும் அடித்தான். மண்டபமே சிரித்தது.

காரில் திரும்பும்போது அப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மழைச்சட்டைப் பையனைத்தான் கேட்டார்.

"அவன் மறுபடி வருவானா?"

"இல்லப்பா, முழு நாடகத்திலயும் அதோட சரி."

"ஷிப்ட் முடிஞ்சிருச்சுல்ல, தூங்கட்டும்" என்று சன்னலை இறக்கிவிட்டுக்கொண்டார்.