இடது முழங்கால்

2024 செப்டம்பர் 18, புதன்

இன்றோடு ஒரு வருடம். அமெரிக்கக் கால்பந்தில், எங்கள் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் நிக் சப்புக்குப் பிட்ஸ்பர்க்கில் நடந்ததை மறுபடி காட்ட வேண்டாம் என்று தொலைக்காட்சிக்காரர்களே முடிவு செய்தார்கள். நான் நேரலையில் ஒருமுறை பார்த்தேன், அதுவே போதும். இடது கால் ஊன்றியிருந்த நொடியில் இடித்தார்கள். முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது.

எனக்கு அறுவை சிகிச்சை செய்த முழங்காலும் இடதுதான்.

செப்டம்பர் 24

95 டிகிரி வரை மடங்குகிறது. நேற்று 92.

அக்டோபர் 2, புதன்

நிக் சப் பயிற்சிக்குத் திரும்பிவிட்டார்! காலையில் செய்தி வந்ததும் ஊன்றுகோலை மறந்து எழுந்துவிட்டேன். மனைவி சத்தம் போட்டாள். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் முதல் கேள்வியே, "அப்பா, அவர் எப்போது ஆடுவார்?" என்பதுதான். எனக்கும் அதே கேள்விதான்.

அக்டோபர் 9

தூக்கம் வரவில்லை. இரவு முழுவதும் ஒரே கணக்கு.

அவருக்கு இரண்டு அறுவை சிகிச்சைகள். உள்பக்க ஜவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் முதலில், ஏசிஎல் என்கிற முழங்காலின் நடு ஜவ்வுக்கு நவம்பரில் தனியாக. 2015-இல், ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது, நாக்ஸ்வில்லில் ஆட்டத்தின் முதல் ஓட்டத்திலேயே இதே முழங்காலில் மூன்று ஜவ்வுகள் அறுந்தன. அதிலிருந்து மீண்டுதான் 2018-இல் இங்கே வந்தார். 2022-இல் பந்தோடு 1,525 யார்டு ஓடினார். ஒருமுறை மீண்டவர் இரண்டாவது முறையும் மீள்வார் என்பதா, ஒரு முழங்காலுக்கு ஒரு மீட்சிதான் என்பதா?

எனக்குத் தொடையின் பின்பக்கத்து நாரை எடுத்துத்தான் ஜவ்வாக வைத்திருக்கிறார்கள். வலி குறையும்போதுதான் அதிக கவனம் வேண்டும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். காலில் பலம் வந்துவிட்டதாகத் தோன்றுகிற அந்த வாரங்களில் உள்ளே வைத்த நார் இன்னும் தேறியிருக்காதாம். நல்ல செய்தியே பயமுறுத்துகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

வந்தார். எண் 24. சுரங்க வழியிலிருந்து அவர் ஓடி வந்தபோது எழுந்த சத்தத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு யார்டு தூரத்திலிருந்து பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன், ஆறு புள்ளிகள். பையன் சோபாவின் மேல் ஏறி நின்று கத்தினான்; நான் காலை நீட்டியபடியே கத்தினேன்.

11 முறை பந்தை வாங்கி மொத்தம் 22 யார்டுதான். சின்சினாட்டி 21, நாம் 14. பரவாயில்லை. அந்த இடது காலை ஊன்றித் திரும்பினாரே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றும்போது தயங்கவில்லை.

அக்டோபர் 21

நேற்று இதை எழுத மனம் வரவில்லை. அதே ஆட்டத்தில் பந்தை எறியும் எங்கள் குவார்ட்டர்பேக் வாட்சனின் குதிகால் நார் அறுந்தது. அவர் கீழே கிடந்தபோது அரங்கில் சிலர் ஆரவாரம் செய்தார்கள். ஒரு மனிதர் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும் அவர் கால் அறுந்து கிடக்கும்போது கைதட்ட முடியுமா? பையன் என் முகத்தைப் பார்த்தான். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 4

கைப்பிடியைத் தொடாமல் நான்கு படிகள்.

நவம்பர் 10, ஞாயிறு

இந்த வாரம் ஆட்டம் இல்லை. எண்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பார்க்கக் கூடாது என்று தெரிந்தே. காயத்துக்கு முன்பு ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 5.3 யார்டு. இதே ஊரில் ஆடிய ஜிம் பிரவுனுக்கே 5.2தான். இப்போது அதன் பக்கத்தில்கூட இல்லை.

ஜிம் பிரவுன் ஒன்பது ஆண்டுகள் ஆடினார். ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 12,312 யார்டு ஓடி, 30 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட்டார். முழங்கால் முடிவெடுக்கும் முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார். பந்தோடு ஓடும் எல்லா ரன்னிங் பேக்குகளுக்கும் அது வாய்ப்பதில்லை. நம்மவருக்கு அடுத்த மாதம் 29. மற்ற வேலைகளில் அது தொடக்க வயது. இங்கே அந்த வயதில் புதிய ஒப்பந்தம் கிடைப்பதே பெரிய பாடு.

பழைய ஆட்டம் ஒன்றைத் திரும்பப் பார்த்தேன். 2020 நவம்பர் 15, ஹூஸ்டனுக்கு எதிராக, பேய்க்காற்று. 10-7 என்று முன்னிலை, கடைசி நிமிடம். 59 யார்டு ஓடுகிறார், எதிரே யாருமே இல்லை. ஒரு யார்டு பாக்கி இருக்கும்போது பக்கவாட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே காலை வைத்துவிடுகிறார். டச்டவுன் அடித்திருந்தால் பந்து மறுபடி ஹூஸ்டன் கைக்குப் போயிருக்கும். அந்த ஒரு காலடியை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. தன் பெயரில் எழுதப்படவேண்டிய ஆறு புள்ளிகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தவர் அவர்.

நவம்பர் 14

வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி, அதிகாலை

பனி! ஏரியிலிருந்து வந்த பனி அரங்கம் முழுவதையும் மூடிவிட்டது. பிற்பாதியில் யார்டுக் கோடுகளே தெரியவில்லை. எதிரே நிற்பது பிட்ஸ்பர்க், அதே பிட்ஸ்பர்க்.

57 நொடிகள் பாக்கி. இரண்டு யார்டு. பந்தை அவரிடம்தான் கொடுத்தார்கள். தலையைத் தாழ்த்தி, கால்களைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, பனிக்கு அடியில் எங்கோ இருந்த அந்தக் கோட்டைத் தாண்டி விழுந்தார். இந்த முறை தாண்டித்தான் ஆகவேண்டும், தாண்டினார். இரவின் இரண்டாவது டச்டவுன். 24-19.

அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 30

128 டிகிரி. வீக்கம் இல்லை.

டிசம்பர் 9

ஊன்றுகோலைக் கார் நிறுத்தும் அறையில் வைத்துவிட்டேன். தூக்கிப் போட மனமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு இரவு

கன்சாஸ் சிட்டி 21, நாம் 7.

பாதத்தில் எலும்பு முறிவு. முழங்கால் இல்லை, பாதம். ஆட்டம் முடிந்ததும் சொன்னார்கள். இந்தப் பருவம் அவருக்கு முடிந்துவிட்டது.

15 மாதங்களாக நான் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

டிசம்பர் 16

பையன் காலையில் கேட்டான், "அவர் இனி வருவாரா, அப்பா?" சாப்பிடு, பஸ் வந்துவிடும் என்றேன். அவன் போன பிறகு மாடிப்படி ஏறினேன். பன்னிரண்டாவது படியில் நின்று